கருநாடியும் கருக்கவரும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் கிணற்றடி வரைக்கும் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. முழங்காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். ஓய்வு பெற்றாலும் சாக்பீஸை விட முடியவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்து ஒரு பெண் சாயங்காலம் வேதியியல் படிக்க வருகிறாள். பிளஸ் டூ, தமிழ் வழி. கெட்டிக்காரி. ஒன்று புரியாவிட்டால் தலையாட்டவே மாட்டாள்.

நீ யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய உன் பேத்தியின் சேதன இரசாயன (எங்கள் தமிழ்நாட்டில் கரிம வேதியியல்) குறிப்பேட்டு நகலைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. இரண்டு நாள் அதைக் கீழே வைக்கவில்லை. விடுதி அறையில் நாம் முதல் மாதம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? 'ரியாக்ஷனை' நான் 'வினை' என்பேன், நீ 'தாக்கம்' என்பாய். 'ஐசோமர்' எனக்கு மாற்றியம், உனக்குச் சமபகுதியம். நான் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று எழுத, நீ ஐதரசன், ஒட்சிசன் என்று எழுதுவாய். உங்கள் எழுத்து பழைய காலத்தது என்று அப்போது நினைத்தேன். அது தவறு. வேற்று ஒலியைத் தமிழ் வாய்க்குப் பழக்கிக் கொண்டுவர நீங்கள் எடுத்த சிரத்தை அது என்று இப்போது தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பதிலீட்டு வினை, அதாவது மூலக்கூறில் ஒன்று விலக இன்னொன்று அந்த இடத்துக்கு வரும் வினை, நடத்திக்கொண்டிருந்தேன். அப்படி வந்து சேரும் 'நியூக்ளியோபைல்' எங்கள் பாடநூலில் 'கருக்கவர் பொருள்' என்று இருக்கும், உனக்குத் தெரியும். கரு என்றால் அணுக்கரு; ஹைட்ராக்சைடு அப்படி ஒரு பொருள். அவள் கேட்டாள்: "சார், கவர்வதென்றால் பிடுங்கிக்கொள்வதுதானே? ஹைட்ராக்சைடு கார்பனிடமிருந்து எதைப் பிடுங்குகிறது?"

நாற்பது வருஷம் அந்தச் சொல்லை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஹைட்ராக்சைடு எதையும் பிடுங்கவில்லையே! தன்னிடம் இருக்கிற எலக்ட்ரான் இரட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அம்புக்குறி அதிலிருந்து கிளம்பி கார்பனில் போய் முடிகிறது. சொல்லோ அம்பைத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறது. ஆக்கியவர்கள் 'கருவால் கவரப்படுவது' என்று நினைத்திருக்கலாம். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை படிக்கும்போது 'கருவைக் கவர்வது' என்றுதானே பொருள் வரும்?

உன் பேத்தியின் நோட்டில் ஒரே சொல்: 'கருநாடி'. அதன் பக்கத்தில், எலக்ட்ரானைத் தேடும் எதிர்வகைக்கு, 'இலத்திரன்நாடி'. எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது, மச்சான். 1933இல் வேதியியலாளர் கிறிஸ்டோபர் இங்கோல்ட் லண்டனில் இருந்துகொண்டு நியூக்ளியோபைல், எலக்ட்ரோபைல் என்ற பெயர்களை முன்வைத்தபோது, கிரேக்கத்தில் அன்பு, விருப்பம் என்று பொருள்படும் சொல்லைத்தான் பின்னால் ஒட்டினார். விரும்பித் தேடிப் போவதை நாம் 'நாடுவது' என்கிறோம். அதைவிடப் பொருத்தமாக எப்படிச் சொல்வது? அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்: "கருநாடி என்று புரிந்துகொள், கருக்கவர் பொருள் என்று பரீட்சையில் எழுது." ஒரு பிள்ளை புரிந்துகொள்வது ஒன்றாகவும் எழுதுவது வேறாகவும் இருக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்காக எங்கள் பக்கத்துச் சொல் எல்லாம் மட்டம் என்று சொல்லமாட்டேன். உங்கள் 'பிரதியீடு'க்கு எங்கள் 'பதிலீடு' எளிது. 'பதிலுக்கு ஆள் போடுவது' என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அப்படி வந்து உட்காரும் தொகுதிக்குப் 'பதிலி' என்ற பெயர் எவ்வளவு அழகு! ஆனால் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு திரியும் 'ரேடிக்கலு'க்கு எங்கள் 'தனி உறுப்பு' என்பதைவிட உங்கள் 'மூலிகம்' மேல். 'ரேடிக்கல்' பிறந்த மூலச் சொல்லுக்கே வேர் என்றுதானே அர்த்தம்.

அன்றைக்குப் பாடத்தை எப்படி முடித்தேன் என்று சொல்கிறேன். சமையலறையில் இருந்து ஒரு உருளைக்கிழங்கும் துடைப்பத்தில் இருந்து நாலு ஈர்க்குச்சியும் எடுத்து வந்தேன். கிழங்குதான் கார்பன். மூன்று குச்சி நுனியில் ஊறவைத்த மொச்சை, அவை ஹைட்ரஜன். நாலாவதில் பெரிய நெல்லிக்காய், அது புரோமின். "ஹைட்ராக்சைடு எந்தப் பக்கம் வரும்?" என்றேன். கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெல்லிக்காய் இருக்கிற பக்கம் இடமில்லை. நேர் எதிர்ப்புறம், மூன்று மொச்சைக்கு நடுவில், விரலை வைத்தாள். அங்கே ஒரு எலுமிச்சம்பழத்தை நெருக்கிக்கொண்டே நெல்லிக்காயை உருவினேன். மூன்று குச்சியையும் பிடுங்கி மறுபக்கம் சாய்த்துச் செருகச் சொன்னேன். செருகி முடித்தவள், "காத்துல குடை மறுபக்கம் மடங்குற மாதிரி" என்றாள். நம் பேராசிரியர் மழைக்காலத்தில் குடையோடு வகுப்புக்கு வந்து செய்து காட்டினாரே, அதே உவமை! யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கு வந்தது.

வேதியியலாளர் பால் வால்டன் 1896இல் ரீகா நகரில் கண்டது இதைத்தான் என்று சொன்னேன். ஆப்பிளால் பெயர் பெற்ற மாலிக் அமிலத்தை எடுத்து, ஒரு பதிலியை ஏற்றி, திரும்ப இறக்கினார். கிடைத்ததும் மாலிக் அமிலம்தான், ஆனால் கண்ணாடி பிம்பம் போல இடம்வலம் மாறிய வடிவம்; அதனால் ஒளியை எதிர்த்திசையில் திருப்பியது. எந்தப் படியில் திரும்பியது, ஏன் திரும்பியது என்று விளங்க 1930கள் வரை, இங்கோல்டும் அவரோடு உழைத்த ஹியூஸும் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பதிலீடு என்ற எண்ணமே எவ்வளவு எதிர்ப்பைத் தாண்டி வந்தது என்று நினைத்துப் பார். பாரிசில் அரண்மனை விருந்தில் மெழுகுவத்திகள் கண்ணைக் கரிக்கும் புகையை விட்டன என்றும், காரணம் கண்டுபிடிக்கச் சொன்னார்கள் என்றும் சொல்வார்கள். குளோரினால் வெளுத்த மெழுகு அது; குளோரின் மெழுகுக்குள்ளேயே இடம் பிடித்திருந்தது. அங்கிருந்து கிளம்பிய பிரெஞ்சு வேதியியலாளர் டூமா, அசிட்டிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் இருந்த இடத்தில் மூன்று குளோரினை உட்கார்த்தியும் அது அமிலமாகவே நடந்துகொள்வதைக் காட்டினார். நேர்மின் தன்மையுள்ள ஹைட்ரஜனின் இடத்தில் எதிர்மின் தன்மையுள்ள குளோரின் எப்படி உட்காரும் என்று ஸ்வீடனின் பெரிய வேதியியலாளர் பெர்சீலியஸ் ஏற்கவே மறுத்தார். ஜெர்மன் வேதியியலாளர் வோலர் 1840இல் வேறு பெயரில் கேலிக் கடிதமே எழுதினார், எல்லா அணுவையும் எடுத்துவிட்டுக் குளோரினை வைத்தாலும் பொருள் மாறவில்லை என்று! கடைசியில் நின்றது டூமாவின் கருத்துதான்.

அப்புறம் ஒன்று, உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆறு கார்பன் சேர்ந்த பென்சீன் வளையத்தில் முதலில் இருக்கும் தொகுதி, அடுத்து வரும் தொகுதி எங்கே போய் உட்கார வேண்டும் என்று வழிகாட்டுகிறது அல்லவா? மெத்தில் இருந்தால் ஆர்த்தோவுக்கும் (பக்கத்து இடம்) பாராவுக்கும் (நேர் எதிர் இடம்) அனுப்பும், நைட்ரோ இருந்தால் மெட்டாவுக்கு (ஒன்று தள்ளிய இடம்). நான் வகுப்பில் 'ஆற்றுப்படுத்தும் தொகுதி' என்றே சொல்லி வந்தேன். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வருகிற பாணனிடம் "இந்த வழியாகப் போ, அந்த வள்ளலைப் பார்" என்பதுதானே ஆற்றுப்படை. தனக்கு இடம் கிடைத்தவன் அடுத்தவனுக்கு இடம் சொல்கிறான். வேதியியலுக்கென்றே ஈராயிரம் வருஷம் காத்திருந்த சொல் போல எனக்குப் படுகிறது. உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்கிறார்கள்? மறக்காமல் எழுது.

இவ்வளவுக்கும் தொடக்கம் உன் ஊர்ப் பக்கம்தான். மானிப்பாயில் இருந்த மருத்துவர் கிறீன் முன்னின்று தமிழில் கொண்டுவந்த 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் 1875இல் அச்சானது என் ஊருக்குப் பக்கத்தில், நாகர்கோவிலில். வெளிச்சொல்லை எடுத்து அதற்கு ஒரு தமிழ் வாலை ஒட்டிக்கொண்டார்கள். உங்கள் பக்கம் எழுதி எங்கள் பக்கம் அச்சிட்ட புத்தகம், இருவருக்கும் ஒரே சொல். இன்றைக்கு 'கருநாடி' என்று இங்கே ஒரு விடைத்தாளில் எழுதினால் திருத்துகிறவர் தயங்குவார். இரண்டு பக்கத்துச் சொற்களையும் எதிரெதிரே வைத்து ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை எண்பது சொல். உன் பங்குக்கு நீ திருத்தித் தர வேண்டும்.

தபாலில் ஆகிற வேலையில்லை. கால் சரியானதும் காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினம் வந்துவிடு, நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். பேத்தியின் மிச்ச நோட்டும் கொஞ்சம் புழுக்கொடியலும் கொண்டுவா. அந்தப் பெண் 'நீக்கல் தாக்கம்' பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறாள்.

உன் பழைய அறைத்தோழன்