ஆத்தங்குடித் தரையில் ட்ராலி தண்டவாளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செட்டிநாட்டு வீடுகளைப் படப்பிடிப்புக்கு விடுவது பற்றிய கட்டுரை படித்தேன். வாடகைப் பணத்தில்தான் பல வீடுகளின் ஓடு மாறுகிறது என்பது சரி. ஆனால் ஒப்பந்தத்தில் தேதிக்கும் தொகைக்கும் இருக்கும் அக்கறை தரைக்கும் சுவருக்கும் இருப்பதில்லை.

இந்த வீடுகளின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிமேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பூவும் கொடியும் மேலே சில மில்லிமீட்டர்தான். லைட் ஸ்டாண்டின் இரும்புக் காலை ஒருமுறை தரதரவென்று இழுத்தால் போதும், கோடு விழுந்துவிடும். அதே அச்சில் புதுக்கல் இன்றும் கிடைக்கும். காலங்காலமாகக் கால்பட்டு ஏறிய பளபளப்பு கிடைக்காது.

எனவே முதலில் தடித்த ஜமுக்காளம், அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட், அதற்கும் மேலேதான் கேமரா வண்டி ஓடும் ட்ராலி தண்டவாளம். பிளாஸ்டிக் தாளைத் தரையோடு விரிக்கக் கூடாது; அடியில் ஈரம் வேர்த்து வெண்திட்டு பூக்கும். கல்யாணக் காட்சியென்றால் ஆரத்தித் தட்டைக் கவனியுங்கள். டேக்குக்கு டேக் கொட்டும் மஞ்சள் நீர் கறையாகும், எலுமிச்சைச் சாறு சிமென்டையே அரிக்கும். கறையைப் போக்க ஆசிட் ஊற்றினால் கறையோடு நிறமும் போய்விடும்.

சுவர் இன்னும் மென்மை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்த பூச்சு அது. ஒயரை ஒட்டிய டேப்பை உரித்தால் மேல்தோலும் சேர்ந்து வரும். ஒரு காட்சிக்காக நீலம் அடித்து, போகும்போது எமல்ஷனில் வெள்ளை அடித்துக் கொடுப்பது உபகாரமே அல்ல. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். எமல்ஷன் அதை அடைக்கும். மழைக்காலத்தில் குமிழ் விடும். வேறு நிறம் வேண்டுமானால் சுவருக்கு ஓரடி முன்னால் தானாக நிற்கும் பிளைவுட் தட்டி வைக்கட்டும்.

முற்றத்தில் மழைக் காட்சி எடுப்பதற்கு முன் வடிகாலை ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும். உதிர்ந்த பூவிதழ் அடைத்துக்கொண்டால் டேங்கர் தண்ணீர் முழுவதும் வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்துக்கும் அறைகளுக்கும், ஏறும். மின்சாரம் ஜெனரேட்டர் வண்டியிலிருந்து மட்டும். பழைய ஒயரிங்கில் ஒரு பிளக்கைக்கூடச் செருகக் கூடாது.

இன்னொன்று, பங்காளிகள். ஒரு புள்ளி, அதாவது பங்குள்ள ஒரு குடும்பம், கையெழுத்துப் போட்டால் பொதுவான வளவு முழுவதும் கிடைத்துவிடாது. எல்லோரும் ஒப்பாவிட்டால் இரண்டாம் நாள் காலை பூட்டு தொங்கும். (திரையில் இவை ஜமீன் மாளிகைகள் ஆகிவிடுவது தனி வேடிக்கை. கடல் கடந்து வட்டிக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் கட்டிய வீடுகள் இவை.)

சாமான் இறங்குமுன் அறை அறையாகப் படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். யூனிட் பெரும்பாலும் இரவில்தான் கிளம்பும். முன்பணத்தை அப்போதே திருப்பிக் கொடுக்காமல், காலையில் பிளைவுட்டைத் தூக்கிவிட்டு, வெயில் சாய்வாக விழும்போது தரையைப் பாருங்கள். டியூப்லைட்டில் தெரியாத கீறல் அதில் தெரியும்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி