குளியலறைத் தேரை அபூர்வம் அல்ல

ஆசிரியருக்கு,

அடைமழை பிடித்தால் போதும், கொடுங்கையூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும்: குளியலறைச் சுவரில் பழுப்புத் தேரை, கீழே ‘மேற்குத் தொடர்ச்சி மலையின் அபூர்வ மரத்தவளை’. ஏழெட்டு செ.மீ. நீளம், விரல் நுனிகளில் வட்டத் தட்டு, தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளிகள் இருந்தால் அது நம்மூர்ச் சாதாரண மரத்தேரைதான்.

களக்காடு முண்டந்துறை மலைகளில் இருக்கும் ராவோர்செஸ்டஸ் சலசோட்ஸ் என்ற அபூர்வத் தவளை வேறு. பச்சை உடல், பொன் தெறித்த கண், நீளம் இரண்டரை செ.மீ.தான். 1876-இல் பதிவானது, மீண்டும் கிடைத்த செய்தி 2011-இல்தான் வந்தது. கல்லுக்குள் தேரை என்போம். இது நாணல் மூங்கிலுக்குள் தேரை. தண்டின் இரு கணுக்களுக்கு இடையில் ஏற்கெனவே உள்ள சிறு பிளவு வழியாக உடலை நெருக்கிக்கொண்டு ஆண் உள்ளே போகும். பெண் வந்து உட்சுவரில் ஐந்து முதல் எட்டு முட்டைகள் ஒட்டிவைக்கும். தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. அதுவரை காவல் அப்பன்தான். அவன் இல்லாவிட்டால் முட்டையைத் தின்பது பெரும்பாலும் அதே இனத்தின் வேறொரு ஆண்! ஆகவே மழைக்காலத்தில் பிளவுள்ள தண்டை வெட்டினால் ஒரு குடும்பமே போய்விடும். மாஞ்சோலைப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் விளையாட்டுக்குக்கூட நாணல் மூங்கிலை ஒடிக்க வேண்டாம்.

வீட்டுத் தேரைக்கு வருவோம். உப்பு, பினாயில், பிளீச்சிங் பவுடர் எதையும் கொட்டாதீர்கள். அதன் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். உப்புப் பட்டால் உடலின் நீர் வெளியேறிச் செத்துப்போகும். சோப்பு இல்லாத ஈரக்கையால் எடுத்து, இருட்டிய பிறகு செடியோரம் விடுங்கள், அதுவும் அதே தெருவில். மலைக்குக் கொண்டுபோய் விடுவது உதவியல்ல, நோயை ஏற்றி அனுப்புகிற வேலை.

சம்ப் (தரையடி நீர்த்தொட்டி) சுவரில் நீர்மட்டத்துக்கு மேலே வெள்ளை நுரைக்கட்டி தெரிந்தால் அது இந்த வீட்டுத் தேரையின் கூடு. மேல்பக்கம் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரத்தில் முட்டைகள் இருக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். குடிநீர்த் தொட்டி என்றால் விட்டுவைக்க முடியாதுதான். கட்டியை உடைக்காமல் ஒரு தகட்டால் முழுதாகப் பெயர்த்து, பக்கெட் மேல் குறுக்கே வைத்த குச்சிகளில் உட்கார வையுங்கள். பக்கெட்டில் மழைத்தண்ணீர் நல்லது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள்.

– வாசகர்கள் சிலர், பெரம்பூர்