நெட் மீட்டர் கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
கூரை சோலார் அமைத்த வீட்டு மின் நுகர்வோர்,
கண்மாய்க்கரைத் தெரு மற்றும் பள்ளிவாசல் தெரு.

பெறுநர்:
மேற்பார்வைப் பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மான வட்டம்.

பொருள்: வீட்டுக் கூரை சோலார் – நெட் மீட்டர் பொருத்தாமல் காலம் கடத்துதல் – உடனடி நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்களும் இணையவழிப் புகார்களும் (எதற்கும் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் முன்பு இந்தக் கோட்டத்தில் பணியாற்றியபோது, கண்மாய்க்கரை டிரான்ஸ்பார்மரில் அடிக்கடி பியூஸ் போவதை நேரில் வந்து பார்த்து, பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்துக் கொடுத்தீர்கள். அந்த நன்றி இன்றும் எங்களுக்கு உண்டு. தெருவையும் தெரு வெயிலையும் தாங்கள் அறிவீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், வங்கியில் கடன், மின்கட்டணம் குறையும் என்று முகாம் போட்டுச் சொன்னார்கள். நம்பி விண்ணப்பித்தோம். பேனல், இன்வெர்ட்டர், எர்த்திங் எல்லாம் முடிந்து டெஸ்ட் ரிப்போர்ட்டும் கொடுத்தாயிற்று. பாக்கி இருப்பது, லைனிலிருந்து வருகிற கரண்டையும் லைனுக்குப் போகிற கரண்டையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டர் ஒன்றுதான்.

2. அந்த ஒன்று இல்லாததால் படும் பாட்டைத் தயவுசெய்து முழுதாகப் படிக்க வேண்டுகிறோம். வீட்டில் இப்போதிருக்கும் சாதாரண மீட்டருக்குப் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றுதான்; இரண்டையும் செலவாகவே எண்ணும். இது தெரியாமல் எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இன்வெர்ட்டரை ஆன் செய்துவிட்டார். பகலில் அவர் வீட்டிலிருந்து லைனுக்குப் போன கரண்டுக்கும் அவரே காசு கட்டினார். கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியது. தாண்டினால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 510 யூனிட் என்றால் 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! சோலார் போட்டதற்குக் கிடைத்த பரிசு இது.

அன்றிலிருந்து யாரும் ஆன் செய்வதில்லை. குழந்தைகள் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று சுவிட்சின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறோம். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். கத்திரி வெயில் முழுக்க அத்தனையும் வீண். இதே கரண்டுக்காக மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரி எரிகிறது. வாரம் ஒருமுறை பேனலைக் கழுவுங்கள் என்று போட்டுக் கொடுத்த கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். ஓடாத பேனலில் இருக்கும் புறா எச்சத்தைக் கழுவ, தண்ணீர் பஞ்சத்தில் குடம் சுமந்து மாடி ஏற வேண்டுமா, ஐயா? முன்பு அந்த இடத்தில் வற்றல் காயப்போடுவோம். வற்றலாவது காய்ந்திருக்கும்.

மீட்டர் பொருத்தி, சோலார் ஓடுகிறது என்று அறிக்கை போனால்தான் மானியம் வரும். மீட்டர் இல்லை, எனவே மானியமும் இல்லை. வங்கி மட்டும் மாதத் தவணையைத் தேதி தவறாமல் எடுக்கிறது. தையல் மிஷின் வைத்துப் பிழைக்கும் பெண்மணி ஒருவர் கரண்ட் பில்லும் கட்டி, கரண்ட் தராத பேனலுக்குத் தவணையும் கட்டுகிறார்.

3. பிரிவு அலுவலகத்தில் கேட்டால் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். கோட்டத்தில் கேட்டால் மீட்டர்களைச் சோதிக்கும் எம்.ஆர்.டி. பிரிவைக் கைகாட்டுகிறார்கள். நாங்களே வெளியில் வாங்கித் தருகிறோம் என்றாலும், டெஸ்டிங்குக்கு வரிசை என்கிறார்கள். அங்கிருக்கும் ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் எந்த மாதம் வரும் என்று ஒரு தேதியாவது சொல்லலாமே!

4. நாங்கள் சலுகை கேட்கவில்லை. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் செய்த திருத்தப்படி, 10 கிலோவாட் வரையிலான கூரை சோலாருக்குச் சாத்தியக்கூறு ஆய்வே வேண்டாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். அமைத்த சோலாரை இயக்கத்துக்குக் கொண்டுவரும் கெடு 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைந்திருக்கிறது. 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவும் பகிர்மான நிறுவனத்தைச் சேர்ந்தது. டெல்லியில் சாமி வரம் கொடுத்துவிட்டார். பூசாரி எங்கே என்றுதான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

5. மதியம் லைனில் வோல்டேஜ் ஏறினால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும் என்கிறார்கள். எங்கள் தெருக்கோடி வீடுகளில் வோல்டேஜ் ஒரு நிலையில் இருப்பதில்லை. மீட்டர் பொருத்த வரும்போதே, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் டேப்பையும் (tap) பார்த்துவிடச் சொல்லுங்கள்.

6. இன்னும் பேச நிறைய உண்டு. பகல் வெயில் நேரத்துக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023இலேயே விதி வகுத்தது. அது வீடுகளுக்கும் நடைமுறைக்கு வந்தால் மோட்டார், கிரைண்டர், ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் மதியத்துக்கு மாற்றிக்கொள்ள எங்கள் வீட்டுப் பெண்கள் தயார். சாயங்கால நெருக்கடி உங்களுக்கும் குறையும். மாதாமாதம் கணக்கெடுத்தால் எவ்வளவு செலவழிக்கிறோம் என்று எங்களுக்கும் தெரியும். சொந்தக் கூரை இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் ஒரு பொதுக் கூரையில் சோலார் போட்டு யூனிட்டைப் பங்கிட்டுக்கொள்ள டெல்லியில் 2019இலேயே வழி செய்தார்கள், இங்கும் கேட்கிறார்கள். இவை தங்கள் கையில் இல்லை, ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்ய வேண்டியவை என்பது தெரியும். மேலே எழுதும்போது எங்கள் தெருவைச் சேர்த்து எழுதினால் போதும். ஆனால் ஒரு மீட்டருக்கே இந்த அலைச்சல் என்றால், மற்றதைப் பற்றி எந்த முகத்தோடு அக்கம்பக்கத்தில் பேசுவது? "சோலார் போடலாமா?" என்று கேட்பவர்களிடம் "கொஞ்சம் பொறுங்கள்" என்றுதான் சொல்லி வருகிறோம்.

7. நெட் மீட்டர். அதைத்தான் மறுபடியும் கேட்கிறோம், ஐயா.

ஆகவே, எங்கள் இரண்டு தெருக்களிலும் நிலுவையிலுள்ள அனைத்து விண்ணப்பங்களுக்கும் நெட் மீட்டர் பொருத்த உத்தரவிடுமாறும், அதற்கான தேதியை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்ற பதில் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட தெருக்களின் மின் நுகர்வோர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: விண்ணப்ப ஒப்புகைச் சீட்டுகள், டெஸ்ட் ரிப்போர்ட் நகல்கள், தபால்காரர் வீட்டு மின்கட்டண ரசீது நகல்.