பதிவாகவில்லை என்கிறது, பதிவாகிவிட்டது என்றும் சொல்கிறது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

பொருள்: இணையதளத்தில் கணக்குத் தொடங்க முடியாதது குறித்து

வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் ஒரு கணக்குத் தொடங்க மூன்று நாளாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். படிவத்தில் 14 கட்டங்கள். நிரப்பி அனுப்பினால் மேலே சிவப்பில் 'தவறான தகவல்' என்று ஒரே வரி. எந்தத் தகவல்? அதைச் சொல்லவில்லை. கட்டங்களையும் மொத்தமாகக் காலி செய்துவிடுகிறது. கடவுச்சொல்லை அழிப்பது சரி, பாதுகாப்புக்காக. முகவரியை ஏன் துடைக்க வேண்டும்?

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில், கைபேசி எண்ணின் நடுவில் நான் விட்டிருந்த இடைவெளிதான் காரணம் என்று தெரிந்தது. அதை நீக்கிவிட்டு எண்ணைச் சேமிப்பது உங்கள் பக்கத்தில் ஒரு வரி வேலை.

அது போகட்டும். எண்ணைத் திருத்தி அனுப்பியதும் '500 சர்வர் பிழை', அதாவது உங்கள் பக்கத்துக் கோளாறு, வந்தது. மறுபடி அனுப்பினேன். 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்றது. சரி, உள்ளே நுழையலாம் என்று பார்த்தால், 'உங்கள் கணக்கு முழுமையடையவில்லை' என்கிறது. வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை.

நானும் நிரல் எழுதித்தான் பிழைக்கிறேன். சந்தேகப்பட்டு, வேறொரு மின்னஞ்சலைக் கொடுத்து, அஞ்சல் முகவரியை மட்டும் சுருக்கிப் படிவத்தை அனுப்பினேன். உடனே ஏற்றுக்கொண்டது! என் கணிப்பு இதுதான்: மின்னஞ்சல் உங்கள் தரவுத்தளத்தின் ஒரு டேபிளில் (அட்டவணையில்) ஏறிவிட்டது, முகவரி, அடுத்த டேபிளின் நீள வரம்பைத் தாண்டியதால் ஏறவில்லை. இரண்டையும், ஏறினால் எல்லாம் ஏறும், இல்லையேல் எதுவும் ஏறாது என்ற முறையில், ஒரே டிரான்சாக்‌ஷனில் வைத்திருந்தால் முதலாவதும் ரோல்பேக் ஆகியிருக்கும், அதாவது தானாகவே நீங்கியிருக்கும். அதற்கும் முன்னால், நீளத்தைச் சர்வரிலேயே சோதித்து, முகவரிக் கட்டத்துக்குக் கீழே 'இத்தனை எழுத்துக்குள் எழுதவும்' என்று காட்டியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. உலாவியில் மட்டும் சோதித்தால் போதாது என்பதை உங்கள் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

உதவி மையத்தில் கேட்டதற்கு, 'பிரவுசர் கேஷை அழித்துவிட்டு முயலுங்கள்' என்று பதில் வந்தது. கேஷ் என்பது என் உலாவி தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் நகல்கள். அதை அழித்தால் உங்கள் தரவுத்தளத்தில் பாதியில் நிற்கும் பதிவு அழிந்துவிடுமா?

அந்தப் பாதிப் பதிவை நீக்கி என் முதல் மின்னஞ்சலை விடுவித்துத் தாருங்கள். அப்புறம், இந்தப் புகாரை உதவி மையத்துக்கே திருப்பி அனுப்பாமல், படிவத்தை எழுதியவர்களிடம் கொடுங்கள். சோதனைக்காகத் தொடங்கிய இரண்டாவது கணக்கை, முதலாவது சரியானதும் நானே மூடிவிடுகிறேன். அதுவரை அதைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
பாதிப் பதிவில் நிற்கும் வாடிக்கையாளர்