மகன் கேட்கலாம், அப்பா கேட்கக் கூடாதா? மனிதவள அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கு வணக்கம். பிஆர், அதாவது நிரந்தரவாசம் பற்றி ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஓர் அறையில் ஒரு தம்பி வாடகைக்கு இருக்கிறார். நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான எஸ் பாஸ், வந்து இரண்டு வருடம். அவருடைய அப்பாவும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார், 2002இல் மன்னார்குடிப் பக்கமிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர், இன்னமும் அதற்குக் கீழ்ப்படியில் உள்ள ஒர்க் பர்மிட்தான், தங்குவது துவாஸில் ஊழியர் டார்மிட்டரி. சாரம் கட்டிய காசில்தான் மகனைப் படிக்க வைத்தார்.

அப்பாவையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாமா அக்கா என்று போன மாதம் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். நானும் சரி என்றுவிட்டேன். அப்புறம் விதியைப் பார்த்தால், கட்டுமானத் துறை பர்மிட்காரர் மலேசியராக இருந்தால்தான் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்க முடியுமாம். அதைக்கூட விடுங்கள். மகன் நாளைக்கே பிஆருக்கு விண்ணப்பிக்கலாம், இருபது வருடத்துக்கு மேல் உழைத்த அப்பா விண்ணப்பிக்கவே முடியாது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வருவார் அண்ணன், தம்பியின் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். அவரே கழுவி, குழம்பு வைத்து, மகன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். குளித்த துண்டு ஈரமாக இருந்தாலும் பையில் போட்டு எடுத்துப் போவார். இங்கேயே காயட்டுமே என்றேன் ஒருநாள். "வேணாம் தங்கச்சி, பர்மிட்டு ஆளு துண்டு இங்க கிடந்தா உங்களுக்கு வம்பு" என்றார். எந்தச் சட்டத்திலும் துண்டைப் பற்றி இல்லை. ஆனாலும் அந்தப் பயம் இத்தனை வருடத்தில் அவருக்குள் ஊறிவிட்டது.

2025 ஜூலை 1 முதல் பர்மிட்டுக்கு இத்தனை வருடம்தான் என்ற வரம்பை எடுத்துவிட்டீர்கள், வேலை செய்யக்கூடிய உச்ச வயதையும் 63 ஆக்கினீர்கள். நல்லது. அப்படியென்றால் 63 வயது வரை இவர்கள் இந்த ஊருக்கு வேண்டும் என்றுதானே அர்த்தம்? அதே மாதம் தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கிக் காரோடு விழுந்த பெண்ணைக் கயிறு போட்டுத் தூக்கியவர்களும் இந்த ஊழியர்கள்தான். பாராட்டு நாணயம் கொடுத்தோம். அவர்களில் பர்மிட்டில் இருப்பவர் யாரும் பிஆர் கேட்க முடியாது. லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போவது, பர்மிட்டை விட்ட பிறகும் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ள உங்களிடம் அனுமதி வாங்குவது என்று சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. கோபத்தில் எங்கோ போகிறேன், மன்னியுங்கள்.

கேட்பது ஒன்றுதான். பத்து வருடத்துக்கு மேல் எந்தக் குற்றமும் இல்லாமல் வேலை செய்த பர்மிட் ஊழியர்கள் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க, குடிநுழைவு ஆணையத்தோடு பேசி வழி செய்யுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் முடிவு, கேட்கவாவது விடுங்கள்.

பதில் போட்டால் தயவுசெய்து தமிழில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன்வாசி ஒருத்தி