மூன்றாவது எண்ணையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கிப் பருவம் தொடங்கினால் விளையாட்டுப் பக்கத்தில் வெற்றி, தோல்வி என இரண்டே கட்டங்களில் பட்டியல் போடுகிறீர்கள். புள்ளிக் கணக்கு உதைக்கிறது.

அங்குள்ள என்.எச்.எல். லீக்கில் வென்றால் 2 புள்ளி. 60 நிமிடத்துக்குள் தோற்றால் பூஜ்யம். சமனாகி, கூடுதல் நேரத்திலோ ஷூட் அவுட்டிலோ (கோல்கீப்பருக்கு எதிராக ஒவ்வொருவராக அடிப்பது) தோற்றால் 1 புள்ளி. இதுதான் விடுபடும் மூன்றாவது கட்டம். கூடுதல் நேரம் 5 நிமிடம். கோல்கீப்பர் போக அணிக்கு மூவர்தான். கோல் விழுந்த நொடியே ஆட்டம் முடிந்தது. புரோ கபடியில் ஏழு புள்ளிக்குள் தோற்றவருக்கும் ஒரு புள்ளி கொடுத்து வந்ததைப் பார்த்த செல்லூர்க்காரர்களுக்கு இது புரியாதா என்ன?

2023இல் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி முதல் 12 ஆட்டங்களில் 2-9-1: 2 வெற்றி, 9 தோல்வி, 1 கூடுதல் நேரத் தோல்வி, அதாவது 5 புள்ளி. அடுத்த ஆட்டத்தை வென்றும் பயிற்சியாளரின் வேலை போனது. அதே அணிதான் பிறகு தொடர்ந்து 16 ஆட்டங்களை வென்று, லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதியில் ஏழாவது ஆட்டம் வரை போய் ஃபுளோரிடாவிடம் 2-1 எனத் தோற்றது. அந்தப் பருவத்தின் லீக் சுற்றில் மட்டும் மொத்தம் 82 ஆட்டங்கள் அல்லவா? 12 ஆட்டத்தில் முடிவு கட்டலாமா?

கோல்கீப்பர் சதவீதமும், அதாவது வந்த ஷாட்டுகளில் தடுத்தவற்றின் பங்கும், அப்படியே. 25 ஷாட்டில் 3 கோல் விட்டால் .880. அதில் ஒன்று யார் ஸ்கேட்டிலோ பட்டுத் திரும்பியதாக இருக்கும், அது நுழையாவிட்டால் .920. இதை வைத்து, பருவம் தொடங்கும் அக்டோபரிலேயே அவரைக் கழுவி ஊற்றுவது அநியாயம்.

வாசகர்கள் சிலர்,
செல்லூர், மதுரை.