ஆளைப் பிடிக்கிறவங்களுக்கு என்ன ரூல்ஸ்?

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல மாண்டலோரியன்ங்கற ஸ்டார் வார்ஸ் டிவி தொடர் பத்தி எழுதினவர் ஹீரோவோட கவசத்தைப் புகழ்ந்துட்டு போயிட்டார், எனக்கு அதுல பிடிச்சதே பவுண்டி ஹண்டர்ஸ், அதாவது காசுக்கு ஆளைப் பிடிச்சுக் குடுக்கிறவங்க, வச்சிருக்குற கில்டுங்கற சங்கத்தோட சட்டதிட்டம்தான். 2019ல வந்த முதல் எபிசோட்லயே ஐஜி-11னு ஒரு ரோபோ துப்பாக்கியும் கையுமா நின்னுக்கிட்டு 16வது உட்பிரிவுப்படி ஆளை ஒப்படைனு பேசும், வக்கீல் தோத்தார் போங்க. ஆனா பிடிச்சுக் குடுத்த ஆளை என்ன பண்ணப் போறாங்கனு கேக்கவே கூடாதாம், அது கில்ட் விதிக்கு விரோதமாம், குழந்தையா இருந்தாலும் சரி! அப்புறம் எதுக்கு சார் விதி? அவனும் ஒரு பவுண்டி ஹண்டர்தான்; ஹீரோ மனசு கேக்காம திரும்பப் போய் தான் பிடிச்சுக் குடுத்த அந்தக் குழந்தையைத் தூக்கிட்டு வந்ததும் ஊர்ல இருக்குற அத்தனை ஹண்டர்ஸோட டிராக்கரும் பீப் அடிக்குது, விசாரணையும் இல்ல நோட்டீஸும் இல்ல.

கற்பனைதானேனு விட முடியல. அமெரிக்கால ஜாமீன்ல வந்து ஓடினவனைப் பிடிக்க ஜாமீன் குடுத்தவரு ஆள் அனுப்பலாம், தேவைப்பட்டா வீட்டை உடைச்சும் உள்ள போகலாம்னு 1872லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. கென்டக்கி, ஓரிகான் மாதிரி சில மாநிலங்கள்தான் காசு வாங்கிட்டு ஜாமீன் குடுக்குற தொழிலே வேணாம்னு தடை போட்டிருக்கு. அடுத்த தடவை இதையும் கொஞ்சம் எழுதச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்